மாப்பிள்ளை மோதிரத்துக்கு எந்த உலோகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் நகைப் பட்டறைகள் நிறைந்த தெரு ஒன்றில், பழுதுபார்க்கும் மேசையில் பதினான்கு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். புது மோதிரம் வாங்க வருகிறவர்களைவிட, வாங்கிய மோதிரம் வளைந்துவிட்டது, வெளுத்துவிட்டது, விரலில் சிக்கிக்கொண்டது என்று வருகிறவர்களையே அதிகம் பார்க்கிறேன். அவர்கள் கேட்பதும், கல்யாணத்துக்கு முன் சிலர் விசாரிக்க வந்து கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான் என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கல்யாண மோதிரம் என்றால் தங்கம்தானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தங்கம் நல்ல தேர்வுதான், நானும் பெரும்பாலானவர்களுக்கு அதையே சொல்கிறேன். ஆனால் பெண்ணுக்குப் போடும் ஆரமும் வளையலும் ஆண்டில் பல நாள் பீரோவுக்குள் இருக்க, மாப்பிள்ளைக்குப் போடும் மோதிரமோ மறுநாள் காலையிலிருந்து பைக்கின் கைப்பிடியிலும், இரும்புக் கதவிலும், பாத்திரம் தேய்க்கும் தொட்டியிலும் உரசத் தொடங்கிவிடுகிறது. கடைக்காரரிடம் தட்டை எடுத்துக் காட்டச் சொல்வதற்கு முன், அந்தக் கை நாள் முழுவதும் எதைப் பிடித்து வேலை செய்கிறது என்று யோசித்துக்கொள்வது நல்லது.

அதற்குப் பிறகு எந்த உலோகத்தைப் பார்த்தாலும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். விரல் பருத்தால் அளவு மாற்ற முடியுமா? அவசரம் என்றால் வெட்டி எடுக்க முடியுமா? ஒரு நாள் விற்க நேர்ந்தால் காசு கிடைக்குமா? கீழே வரும் பதில்களில் பல இந்த மூன்றைச் சுற்றியே இருக்கும்.

22 காரட்டா, 18 காரட்டா? 18 காரட் என்றால் மட்டம் என்கிறார்களே?

22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் இருக்கிறது, 18 காரட்டில் 75 பங்கு இருக்கிறது. மீதி செம்பும் வெள்ளியும் போன்ற கலப்பு உலோகங்கள். தங்கம் இயல்பிலேயே மிருதுவானது, கலப்பு ஏற ஏற உறுதியும் ஏறும். எனவே 18 காரட்டை மட்டமான தங்கம் என்று சொல்வது சரியில்லை. தங்கம் குறைவு, உறுதி கூடுதல், அதற்கேற்ப விலையும் குறைவு என்று புரிந்துகொண்டால் போதும். 8 கிராம் எடையுள்ள 22 காரட் மோதிரத்தில் 7.3 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத் தங்கம் இருக்கும், அதே எடையுள்ள 18 காரட் மோதிரத்தில் 6 கிராம் இருக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்கினால் யாரும் ஏமாறுவதில்லை.

நடைமுறையில் நான் சொல்வது இதுதான். கல் பதிக்காத, கனமான, உள்ளே குழிவில்லாத வளையமாக ஒரு பவுனுக்குக் குறையாமல் செய்வதென்றால் 22 காரட்டே போதும், அது எளிதில் வளையாது. நான்கு கிராமுக்குள் மெல்லியதாகச் செய்வதென்றாலோ, வைரம் அல்லது வேறு கல் பதிப்பதென்றாலோ 18 காரட் எடுங்கள். கல்லைப் பிடித்திருக்கும் கவ்வைகள் 22 காரட்டில் சீக்கிரம் தளரும். கல் விழுந்த பிறகு வெறும் குழியோடு மோதிரத்தைக் கொண்டு வந்து நீட்டுபவர்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பார்வைக்குப் பெரிதாகவும் கைக்கு லேசாகவும் இருக்கும் மோதிரங்களின் அடிப்பக்கம் பெரும்பாலும் குடையப்பட்டிருக்கும். அந்தக் குழிக்குள் சோப்பும் அழுக்கும் சேரும், கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது அடிப்பக்கம் நசுங்கி மோதிரம் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். வாங்கும்போது மோதிரத்தைத் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள்.

ஒயிட் கோல்டும் பிளாட்டினமும் ஒன்றுதானே?

இல்லை. ஒயிட் கோல்டு என்பது தங்கத்தோடு பல்லேடியம் அல்லது நிக்கல் போன்ற வெள்ளை உலோகத்தைக் கலந்து, மேலே ரோடியம் முலாம் பூசியது. பெரும்பாலும் 18 காரட்டில் வரும். பிளாட்டினம் முற்றிலும் தனி உலோகம். நகைக்குப் பயன்படுவதில் வழக்கமாக ஆயிரத்துக்கு 950 பங்கு பிளாட்டினம் இருக்கும், உட்புறத்தில் ‘பிடி 950’ என்ற முத்திரை ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். தமிழில் இரண்டையுமே ‘வெள்ளைத் தங்கம்’ என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

கடையில் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். தினமும் அணிந்தால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஒயிட் கோல்டின் முலாம் முதலில் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து, இலேசான மஞ்சள் எட்டிப் பார்க்கும். மீண்டும் முலாம் பூசினால் சரியாகிவிடும், ஆனால் இது திரும்பத் திரும்ப வரும் செலவு. பிளாட்டினத்தின் நிறம் உடலோடு வந்தது, எவ்வளவு தேய்ந்தாலும் வெள்ளையாகவே இருக்கும்.

பிளாட்டினத்தில் கீறலே விழாது என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?

உண்மையில்லை. பிளாட்டினத்திலும் கீறல் விழும், சில மாதங்களில் பளபளப்பு மங்கி ஒரு சாம்பல் மெருகு வரும். வித்தியாசம் என்னவென்றால், தங்கத்தில் கீறல் விழும்போது துகள் உதிர்ந்து போகிறது. பிளாட்டினத்திலோ உலோகம் பெரும்பாலும் உதிராமல் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது. உழவு போட்ட மண் இருபுறமும் மேடாக நிற்பதைப் போல என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பக்கம் உடனே புரிந்துகொள்கிறார்கள். இதனால் எடை மிக மெதுவாகவே குறையும். அந்த மங்கல் பிடிக்காவிட்டால் மெருகேற்றிக்கொள்ளலாம்.

பிளாட்டினத்தில் கவனிக்க வேண்டியது பழுதுபார்க்கும் வசதியை. தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 டிகிரி வேண்டும். அதற்குத் தனிச் சுடரும் தனிக் கருவிகளும் தேவைப்படுவதால் எல்லாப் பட்டறையிலும் அந்த வேலை நடக்காது. உங்கள் ஊரில் அளவு மாற்றிக் கொடுப்பவர் யார் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் வாங்கிய கடைக்கே அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஒரே மாதிரி மோதிரம்தான், ஒவ்வொரு உலோகத்திலும் எடை ஏன் இவ்வளவு மாறுகிறது?

அடர்த்தி வேறுபடுவதால்தான். 22 காரட் தங்கத்தில் 8 கிராம் வரும் ஒரு மோதிரத்தை அதே அகலம், அதே கனம், அதே அளவில் 18 காரட்டில் செய்தால் ஏறத்தாழ 7 கிராம் வரும். பிளாட்டினத்தில் 9 கிராமுக்கு மேல் போகும், வெள்ளியில் 5 கிராமுக்குள் நிற்கும், டைட்டானியத்தில் சுமார் 2 கிராம்தான். எனவே கிராம் விலையை மட்டும் ஒப்பிட்டு எது மலிவு என்று முடிவு செய்யாதீர்கள். 2015 முதல் பிளாட்டினத்தின் சந்தை விலை தங்கத்தைவிடக் குறைவாகவே இருந்து வருகிறது, ஆனால் எடை கூடுவதாலும் செய்கூலி அதிகம் என்பதாலும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி பில்லில் கரைந்துவிடும்.

வசதி குறைவு. வெள்ளி மோதிரம் போட்டால் மரியாதையாக இருக்குமா?

மரியாதை உலோகத்தில் இல்லை என்பது என் எண்ணம், ஆனால் உறவினர் வாயை நான் அடைக்க முடியாது. உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியும் மீதி செம்பும் சேர்ந்தது மோதிரத்துக்கு ஏற்றது. சுத்த வெள்ளி மிகவும் மிருது. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளி கறுக்கும், இது கலப்படத்தின் அடையாளம் இல்லை. ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் மோதிரத்தை வைத்து, ஆப்பசோடா ஒரு கரண்டி போட்டு வெந்நீர் ஊற்றினால் சில நிமிடங்களில் கறுப்பு நீங்கிவிடும். கல் பதித்த மோதிரத்துக்கு மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அளவு மாற்றுவது, வெட்டுவது இரண்டும் எளிது, தேய்மானம் மட்டும் தங்கத்தைவிட விரைவாகத் தெரியும். நல்ல கனத்தில் செய்துகொண்டால் பல ஆண்டுகள் வரும்.

நாங்கள் முஸ்லிம் குடும்பம். மாப்பிள்ளைக்குத் தங்கம் ஆகாது. ஒயிட் கோல்டு போடலாமா?

ஆண்கள் தங்கம் அணிவது ஹதீஸ்களின்படி தடுக்கப்பட்டது, வெள்ளி மோதிரம் அனுமதிக்கப்பட்டது. மேலே மூன்றாவது பதிலில் சொன்னதுபோல ஒயிட் கோல்டு என்பது நிறம் மாற்றப்பட்ட தங்கமே என்பதால், அது வெள்ளையாக இருப்பதால் மட்டும் தடை நீங்கிவிடாது. ரோஸ் கோல்டுக்கும் இதே நிலைதான், அதில் செம்பு அதிகம், அவ்வளவே. பிளாட்டினம் தங்கம் இல்லை என்பதால் அதை அனுமதிக்கும் அறிஞர்கள் பலர் உண்டு. உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் ‘வெள்ளைத் தங்கம்’ என்று கேட்காமல், பிளாட்டினம் என்ற பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

டைட்டானியம், டங்ஸ்டன் மோதிரங்கள் ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றனவே? கீறலும் விழாதாம்.

இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. டைட்டானியம் மிக லேசானது, உறுதியானது, தோலுக்குப் பெரும்பாலும் ஒவ்வாமை தராதது. கீறல் விழும். அளவு மாற்றுவது ஏறக்குறைய முடியாது, உள்ளே சற்று அராவிப் பெரிதாக்கலாம், அவ்வளவுதான். மோதிரம் இருப்பதே தெரியக் கூடாது என்று விரும்புகிறவர்களுக்கு இது பிடிக்கும்.

டங்ஸ்டன் என்று விற்கப்படுவது உண்மையில் டங்ஸ்டன் கார்பைடு, லேத் பட்டறையில் இரும்பைச் சீவும் வெட்டுமுனைகள் செய்யப்படும் அதே பொருள். கீறல் விழுவது அரிது என்பது சரி. ஆனால் கடினமான பொருள் நொறுங்கவும் செய்யும். கருங்கல் தரையிலோ டைல்ஸிலோ ஓங்கி விழுந்தால் இரண்டாக உடையலாம், உடைந்ததை ஒட்டவைக்க முடியாது, அளவு மாற்ற வழியே இல்லை. விற்கப் போனால் இரண்டுக்கும் மதிப்பு கிடையாது. முதல் பதிலில் சொன்ன மூன்று கேள்விகளில் அளவிலும் விற்பனையிலும் டங்ஸ்டன் தோற்கிறது. வெட்டி எடுக்கும் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

மாப்பிள்ளை மெக்கானிக். எலக்ட்ரிக்கல் வேலையும் செய்வார். எந்த உலோகம் பாதுகாப்பு?

வேலை நேரத்தில் எதுவுமே பாதுகாப்பு இல்லை என்பதுதான் நேர்மையான பதில். தங்கம், வெள்ளி, பிளாட்டினம், டைட்டானியம் எல்லாமே மின்சாரத்தைக் கடத்தும். வண்டி பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஸ்பேனர் இருக்கும்போது மோதிரம் வண்டியின் உடலில் பட்டால், 12 வோல்ட்தானே என்று நினைப்பவரின் விரலைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். வளையத்தின் வடிவிலேயே தோல் வெந்திருந்த ஒரு விரலை நான் பார்த்திருக்கிறேன். அந்த மோதிரத்தை வெட்டி எடுத்தது மருத்துவமனையில், இரண்டு துண்டுகளையும் இணைத்துத் தரச் சொல்லி வந்தது என்னிடம். இணைத்துக் கொடுத்தேன், அவர் அதை இப்போது கழுத்துச் சங்கிலியில் போட்டிருக்கிறார்.

ஓடும் இயந்திரமும், லாரியிலிருந்து குதித்து இறங்கும்போது பக்கவாட்டுக் கொக்கியில் மோதிரம் மாட்டிக்கொள்வதும் இதைவிட மோசம். உடல் எடை முழுவதும் ஒரு விரலில் தொங்கும்போது மோதிரம் தோலையும் சதையையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். வேலைக்குப் போகும்போது கழற்றி வைக்க ஒரு நிலையான இடம் இருக்கட்டும், போட்டே ஆக வேண்டும் என்றால் சிலிக்கோன் ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளலாம், அது இழுபட்டால் அறுந்துவிடும்.

ஆய்வகத்திலோ பாதரசம் புழங்கும் இடத்திலோ வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பாதரசம் தங்கத்தோடு உடனே கலந்து மோதிரத்தை வெளுக்க வைத்து நொறுங்கக்கூடியதாக்கிவிடும். அப்படி வெளுத்த மோதிரத்தை வீட்டு அடுப்பில் காட்டிச் சரிசெய்ய ஒருபோதும் முயலாதீர்கள், எழும் ஆவி நஞ்சு.

கல்யாணத்தன்று சரியாக இருந்தது, ஒரே வருடத்தில் இறுகிவிட்டது. எவ்வளவு பெரிதாக்க முடியும்?

மறுவீட்டு விருந்துகளின் விளைவு இது, வெட்கப்பட வேண்டியதில்லை. கல் இல்லாத 22 அல்லது 18 காரட் வளையத்தை ஓர் அளவு வரை இழுத்தே பெரிதாக்கலாம், அதற்கு மேல் வெட்டி, அதே காரட் தங்கத்தில் ஒரு துண்டு வைத்து இணைக்க வேண்டும். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பெரிதாக்குவது பெரும்பாலும் இயலாது. ஆகவே உடல்வாகு மாறக்கூடிய வயதில் இருக்கும் மாப்பிள்ளைக்கு முழுச் சுற்றும் கல் வைத்த மோதிரம் வேண்டாம்.

அளவு எடுக்கும்போது மாலை நேரத்தில் எடுங்கள், காலையைவிட அப்போது விரல் சற்றுப் பருத்திருக்கும். கணுவைத் தாண்டும்போது சிறிது தடை இருக்க வேண்டும், தாண்டியபின் எளிதாகச் சுழல வேண்டும். அகலமான மோதிரம் என்றால் ஓர் அளவு கூட்டியே எடுக்க வேண்டியிருக்கும். மிகத் தளர்வாகவும் செய்துவிடாதீர்கள். குடத்து நீருக்குள் மோதிரத்தைப் போட்டு மணமக்கள் துழாவும் விளையாட்டு கல்யாண வீட்டில் அழகு, பவானி ஆற்றில் குளிக்கும்போது அது நடந்தால் யாரும் ஜெயிப்பதில்லை.

விரல் வீங்கி மோதிரம் வரவே இல்லை. எந்த உலோகத்தை வெட்ட முடியும்?

முதலில் கையை உயர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் வைத்து, சோப்பு அல்லது எண்ணெய் தடவிச் சுழற்றிப் பாருங்கள். வராவிட்டால் மெல்லிய நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மோதிரத்தை ஒட்டி விரல் நுனியை நோக்கிக் கணுவைத் தாண்டும் வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். பிறகு உள்ளே நுழைத்த முனையை விரல் நுனிப் பக்கமாக இழுத்துச் சுற்றை அவிழ்த்துக்கொண்டே வந்தால் மோதிரம் நூலின் மேல் ஏறி நகர்ந்து வரும். விரல் நீலமாகவோ மரத்துப்போயோ இருந்தால் இவற்றில் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள். மோதிரத்தை வெட்டி எடுக்கத் தீயணைப்பு நிலையத்திலும் உதவுவார்கள்.

தங்கமும் வெள்ளியும் சாதாரண மோதிர வெட்டியிலேயே அறுபடும், பிளாட்டினம் சற்று நேரம் எடுக்கும். டைட்டானியத்தில் சிறிய வெட்டி திணறும், வலுவான கருவி வேண்டும். டங்ஸ்டன் கார்பைடை அறுக்க முயல்வது வீண். அதைக் கவ்வும் குறடால் வெளியிலிருந்து சிறிது சிறிதாக இறுக்கினால் உடைந்து விழும். இது தெரியாதவர் கையில் சிக்கினால் அரை மணி நேரம் ரம்பம் போட்டு விரலைச் சுட வைத்துவிடுவார், எனவே அந்த மோதிரம் அணிபவர் தன் மோதிரத்தின் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மோதிரத்துக்கு அடியில் அரிக்கிறது. தங்கம் எனக்குச் சூடு என்கிறார்கள்.

தங்கத்துக்குச் சூடு, குளிர்ச்சி என்று ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அடியில் தங்கும் சோப்பும் ஈரமுமே காரணம். சில நாள் கழற்றி வைத்து, மோதிரத்தின் உட்புறத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, கை கழுவும்போதெல்லாம் விரலைத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் போகாமல் மோதிரம் படும் இடத்தில் மட்டும் தடித்தால், கலப்பில் உள்ள நிக்கல் காரணமாக இருக்கலாம். நிக்கல் கலந்த ஒயிட் கோல்டிலும் மலிவான முலாம் நகைகளிலும் இது அதிகம். தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு, பிளாட்டினத்துக்கோ டைட்டானியத்துக்கோ மாறலாம்.

ஐம்பொன் மோதிரம் போடலாமா?

வழிபாட்டு நம்பிக்கைக்காக அணிபவர்கள் அணியலாம். கல்யாண மோதிரமாக நான் பரிந்துரைப்பதில்லை. கலப்பு விகிதம் செய்பவருக்குச் செய்பவர் மாறும், விரலில் பச்சை படியும், தங்கம் எவ்வளவு சேர்த்தார்கள் என்பதற்கு முத்திரை எதுவும் இருக்காது.

ஹால்மார்க் இருந்தால் போதுமா? வேறு என்ன பார்க்க வேண்டும்?

2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் தங்க நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோணச் சின்னம், 22 காரட்டுக்கு 916 அல்லது 18 காரட்டுக்கு 750 என்ற தரக்குறி, ஹெச்யுஐடி எனப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி. இந்த ஆறு இலக்கங்களை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் நகையின் வகையும் தரமும் வரும். செயலி ‘வளையல்’ என்று காட்டி உங்கள் கையில் மோதிரம் இருந்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பிளாட்டினம் இந்தக் கட்டாயத் திட்டத்துக்குள் வராததால், மூன்றாவது பதிலில் சொன்ன முத்திரையோடு தரச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

பாட்டியின் பழைய சங்கிலியை உருக்கி மோதிரம் செய்யலாமா?

செய்யலாம், அதைவிட நல்ல மோதிரம் கிடைப்பது அரிது. பழைய நகைகளில் கண்ணிக்குக் கண்ணி பற்று (தங்கம் குறைந்த ஒட்டுக் கலவை) வைத்திருப்பார்கள் என்பதால், உருக்கியதும் தரம் 916க்குக் கீழே இறங்கிவிடுவது சாதாரணம். உருக்கிய கட்டியை உங்கள் கண்முன்னே சோதித்து, குறையும் தங்கத்தைச் சேர்த்த பின்பே அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் முடிந்த மோதிரம் ஹால்மார்க் சோதனையில் தேறாது.

பேசியது ஒரு பவுன் தங்கம். இப்போது மாப்பிள்ளை பிளாட்டினம்தான் வேண்டும் என்கிறார். அதே எட்டு கிராமில் முடிப்பதா?

கேட்டு வாங்குவது முறையா என்ற பேச்சை ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஐந்தாவது பதிலில் உள்ளபடி எட்டு கிராம் பிளாட்டினத்தில் வரும் மோதிரம் எட்டு கிராம் தங்க மோதிரத்தைவிடச் சிறியதாக இருக்கும். எடையில் பேசினால் ஒரு வீட்டாருக்குக் குறை என்று தோன்றும், ஆகவே தொகையில் பேசி முடியுங்கள். திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தங்கத்தை எந்தக் கடையிலும் மாற்றலாம், பிளாட்டினத்தைப் பல கடைகள் தாங்கள் விற்றதைத் தவிர வேறெதையும் எடுப்பதில்லை.

ஏற்கெனவே அதே விரலில் ராசிக்கல் மோதிரம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

ஒரே உலோகம், ஒரே காரட் என்றால் போடலாம், இரண்டும் மெதுவாக ஒன்றாகத் தேயும். கடினமானதும் மிருதுவானதும் பக்கத்தில் இருந்தால் மிருதுவானதே தேயும். டங்ஸ்டன் வளையத்தோடு 22 காரட் மோதிரத்தைச் சில ஆண்டுகள் சேர்த்துப் போட்டிருந்த ஒருவரிடம், தங்கத்தின் ஒரு ஓரம் கத்தி போல மெலிந்து, கல்லின் கூடு திறந்துகொள்ளும் நிலையில் இருந்தது. ராசிக்கல்லை வேறு விரலுக்கு மாற்றச் சோதிடர் ஒப்பவில்லை என்றால், கல்யாண மோதிரத்தை இடது கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு முன் அளவு பாருங்கள். வலது கைக்காரர்களுக்கு இடது விரல் சற்று மெலிந்தே இருக்கும்.